கொத்தாமல் காய்கறிப் பாத்தி போடுவது எப்படி?

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். பின்பக்கம் 20 அடிக்கு 30 அடி காலி இடம். செம்மண்ணும் களியும் கலந்த தரை, காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடுகிறது. கோரையும் அருகும் மண்டிக் கிடக்கின்றன. கொத்த ஆள் கிடைக்கவில்லை, உங்களுக்கோ முதுகு வலி. கொத்தாமலே பாத்தி போடலாம் என்று கேள்விப்பட்டு, அது நம் வெயிலுக்குச் சரிப்படுமா, கரையான் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘மண்ணைப் புரட்டாமல் போட்டால் என்ன முளைக்கும்?’ என்று உங்கள் மாமியார் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள்.

சரிப்படும் அம்மா. கும்பகோணம் பக்கம் எங்கள் கொல்லையில் 9 வருடமாக இப்படித்தான் காய் எடுக்கிறோம். எங்களுடையது காவிரி வண்டல், வெடித்தால் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும் களி. அதனால் இறுகிய தரையின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொத்தாத பாத்தி என்றால் வேலை இல்லாத பாத்தி என்று நினைத்துவிடாதீர்கள். மண்வெட்டி வேலை போய் கூடை வேலை வரும். இலை, தழை, வைக்கோல், எரு என்று வருடம் முழுவதும் அந்தப் பாத்திக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துப் பாத்தி போடாதீர்கள். எவ்வளவு தழை உங்களால் சேர்க்க முடியும் என்று பார்த்துப் போடுங்கள். இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. ஒரே மூச்சில் ஆறு பாத்தி போட்டேன், மூன்றாவது மாதமே நான்கு பாத்திகள் வெறும் மண்ணாக வெயிலில் கிடந்தன.

உங்கள் மாமியாரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் பரங்கியும் தக்காளியும் தானாக முளைத்துக் கொடியோடிக் கிடக்குமே, அதற்கு யார் கொத்திவிட்டார்கள்? அவரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். நீங்கள் செய்யப்போவது அந்தக் குப்பைமேட்டையே கொஞ்சம் ஒழுங்கோடு, உங்களுக்கு வேண்டிய இடத்தில், மெல்லிசாகப் பரப்புவதுதான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் நெல்லும் கடலையும் போடுகிறவர்கள் உழுவதற்குக் காரணம் உண்டு, அத்தனை நிலத்துக்கும் மூடாக்கு, அதாவது இலை தழையால் மண்ணுக்கு ஒரு போர்வை, போட எங்கே போவது? வீட்டுப் பாத்தியின் கணக்கு வேறு.

கொத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் கொத்தாமல் விடுவதன் பலன் புரியும். மண்ணுக்குள் களை விதைகள் வருடக் கணக்கில் உறங்கிக் கிடக்கும். பலவற்றுக்கு வெளிச்சம் பட்டால்தான் விழிப்பு வரும். மண்ணைப் புரட்டுவது அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. ஒரு முறை கொத்தினால் பத்தாம் நாள் பச்சைக் கம்பளம் விரிவது அதனால்தான். அடுத்தது, மண்ணில் இருக்கிற மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை. நம் வெயிலில் அது ஏற்கெனவே சீக்கிரம் கரையும். புரட்டிவிட்டுக் காற்றுப்பட வைத்தால் இன்னும் வேகமாகக் கரைந்துபோகும். மண்புழு போட்ட துளைகள், போன பயிரின் வேர் மக்கிப்போன துளைகள், இவைதான் தண்ணீர் இறங்குகிற வழிகள். வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கிற பூசண இழைகளும் அங்கேதான் பின்னிக் கிடக்கின்றன. மண்வெட்டி இரண்டையும் ஒரே வெட்டில் அறுக்கிறது. கொத்திய மண் ஒரு வாரம் பொலபொலவென்று இருக்கும், இரண்டு மழை அடித்ததும் முன்னைவிட இறுகும். களிமண்ணில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இதை ஒரு விரதம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புது வீடு என்கிறீர்கள். வீடு கட்டும்போது ஜேசிபி ஏறி இறங்கிய தரை, கலவை கொட்டிய இடம், ஜல்லியும் செங்கல் துண்டும் புதைந்த இடம், இவையெல்லாம் இயற்கையான மண் அல்ல. முதலில் சோதித்துவிடுங்கள். ஓர் அடி அகலம் ஓர் அடி ஆழத்தில் ஒரே ஒரு குழி எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இன்னொரு தடவை நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலம் குறைந்தால்கூடப் போதும், அப்படியே மேலே பாத்தி போடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் இறுகிய தட்டு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும், மண் ஈரமாக இருக்கும் நாளில், கடப்பாரையை அடிக்கு ஒரு குத்து வீதம் இறக்கி, முன்னும் பின்னும் அசைத்து எடுக்கச் சொல்லுங்கள். மண்ணைப் புரட்டக் கூடாது, விரிசல் விட்டால் போதும். அது வாழ்நாளில் ஒரு தடவை செய்கிற வேலை. சிமெண்ட் கலவை கொட்டிய இடம் என்று தெரிந்தால் அந்த மூலையை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலை வெயில் முழுதாக விழ வேண்டும், பிற்பகலில் சுவரோ மரமோ கொஞ்சம் நிழல் தந்தால் நல்லது. வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளிப் போடுங்கள், காரணம் கரையானைப் பற்றிச் சொல்லும்போது வரும். பாத்தி 3 அடி அகலம், 10 அடி நீளம் இருக்கட்டும். முதுகு வலிக்காரர்களுக்கு 4 அடி அகலம் வேண்டாம், நடுவில் எட்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நடைபாதை. பாத்திக்குள் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது, பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து இதைச் சொல்லி வையுங்கள். மிதிபடாத மண்ணைக் கொத்த வேண்டிய தேவையே வராது. சுற்றிலும் செங்கல் அடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சந்துகளில்தான் நத்தையும் எறும்பும் குடித்தனம் நடத்தும்.

இனி பாத்தி. களைகளைப் பிடுங்காதீர்கள், அரிவாளால் தரையோடு தரையாக அறுத்து அங்கேயே போட்டுவிடுங்கள். பார்த்தீனியம் இருந்தால் மட்டும் கையுறை போட்டு அறுங்கள், அரிப்பு வரும். அதில் பூவோ விதையோ வந்திருந்தால் பாத்தியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பிறகு தரையை நனைக்க வேண்டும். மேலாக ஒரு தெளிப்பு போதாது. சாயங்காலம் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை என்று தண்ணீர் அரை அடி இறங்கும்வரை விடுங்கள். காய்ந்த தரையின் மேல் அட்டையைப் பரப்பிவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீர் கீழே போகவே போகாது. நிறையப் பேருக்குப் பாத்தி தோற்பது இந்த ஓர் இடத்தில்தான். பக்கெட் தண்ணீரில் இரண்டு கை பசுஞ்சாணி கரைத்துத் தெளித்துவிட்டால் மக்குவது வேகமாகத் தொடங்கும். சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைக்கிற ஜீவாமிர்தம் தயாரிக்கிற பழக்கம் இருந்தால் அதை விடலாம், இல்லையென்றால் இதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

அதன் மேல் அட்டை. பிரிட்ஜ், வாஷிங்மிஷின் வாங்கின பழுப்பு அட்டைப்பெட்டிகள் நல்லது. மளிகைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், கொஞ்சம் காசு கேட்டாலும் தகும். பிளாஸ்டிக் டேப்பையும் கம்பிப் பின்னையும் பொறுமையாக உரித்து எடுங்கள். இப்போது சோம்பல் பட்டால் அந்த டேப் பத்து வருடம் மண்ணில் கிடந்து கையில் அகப்படும். பளபளப்பான மேல்தாள் உள்ள பெட்டி வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று அரை அடி ஏறியிருக்க வேண்டும். சந்து விட்டால் அருகம்புல் அதைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே வரும். பாத்தியின் ஓரங்களைத் தாண்டியும் அரை அடி நீட்டிப் போடுங்கள். அட்டை கிடைக்காவிட்டால் செய்தித்தாளை எட்டுப் பத்துத் தாள் கனத்தில் போடலாம், காற்றில் பறக்காமல் போட்டவுடன் நனைத்துவிட வேண்டும். அட்டையையும் அது தொளதொளவென்று ஆகும்வரை நனையுங்கள்.

அட்டையின் மேல் நன்றாக மக்கிய எரு, 4 அங்குல உயரத்துக்கு. 3 அடிக்கு 10 அடி என்றால் 30 சதுர அடி, 4 அங்குலத்துக்கு 10 கன அடி வரும், லிட்டரில் சொன்னால் 280க்குக் கொஞ்சம் மேல். ஈரத்தைப் பொறுத்து 150லிருந்து 200 கிலோ, அதாவது மூன்று நான்கு மூட்டை. ஒரு பாத்திக்கே இவ்வளவு தேவை என்று தெரிந்தால்தான் எத்தனை பாத்தி போடலாம் என்ற கணக்கு வரும். முழுக்க மண்புழு உரமாக வாங்கினால் காசு எகிறும். மாட்டு எருவைக் கீழே 3 அங்குலம் போட்டு, மேலே ஓர் அங்குலம் மட்டும் மண்புழு உரமும் தோட்டத்து மண்ணும் கலந்து போட்டால் போதும். பேக்கரிக்காரர் சாம்பல் கொடுத்தால் ஒரு கை தூவலாம், அதற்கு மேல் வேண்டாம். தென்னை நார்க்கழிவைச் செங்கல் கட்டியாக விற்பார்கள். மாடித்தோட்டத் தொட்டிக்கு அது உதவும், தரைப் பாத்தியில் எருவுக்குப் பதிலாக அதை நிரப்பாதீர்கள். அதில் தழைச்சத்து அறவே குறைவு, மக்காத நார்க்கழிவில் உப்பும் இருக்கும்.

எரு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒருவர் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார், ‘இரண்டு வருடத்துக் குப்பை, மாவு மாதிரி இருக்கும்’ என்றார். மேலாக எடுத்துப் பார்த்தேன், கறுப்பாக, உதிரியாகத்தான் இருந்தது. குவியலின் உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. பரப்பி, கத்தரி நாற்று நட்டு, நான்காம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி சுருண்டது. பாத்திக்குள் விரலை விட்டேன், சுட்டது. உள்ளே இருந்தது ஆறு மாதம்கூட ஆகாத சாணம். அன்றிலிருந்து எரு வாங்கினால் குவியலின் நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. சூடு இருக்கக் கூடாது, மூத்திர நெடி இருக்கக் கூடாது, வைக்கோல் முழுசாகத் தெரியக் கூடாது. மழை பெய்த மண்வாசனை வர வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள், செலவில்லாதது. இரண்டு தேங்காய்ச் சிரட்டை எடுத்து, ஒன்றில் வீட்டு மண், ஒன்றில் வாங்கின எருவும் மண்ணும் பாதிப் பாதி. இரண்டிலும் நான்கு தட்டைப்பயறு ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் எருச் சிரட்டையில் மட்டும் இலை கிண்ணம் மாதிரிக் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு வந்தால், களைக்கொல்லி தெளித்த தீவனம் தின்ற மாட்டின் சாணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பயறு வகைச் செடிகள் அதை முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த எருவைப் பாத்திக்குச் சேர்க்காதீர்கள்.

எருவுக்கு மேலே மூடாக்கு. இதில்தான் வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதற்கும் நம் ஊருக்கும் பெரிய வித்தியாசம். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் சார்லஸ் டௌடிங் 1980களிலிருந்து கொத்தாமல் காய்கறி பயிரிட்டு வருகிறார், இணையத்தில் அவருடைய காணொளிகளை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அவர் மேலே வைக்கோல் போடுவதில்லை, மக்கிய கம்போஸ்ட்டையே மூடாக்காகப் பரப்பி அதிலேயே நடுகிறார். அது குளிர்ந்த, ஈரமான ஊர். வைக்கோல் போட்டால் ஓடில்லாத நத்தைகள் அதற்குள் பதுங்கிப் பயிரைத் தின்றுவிடும். அதைப் பார்த்து நம் சித்திரை வெயிலில் எருவைத் திறந்துபோட்டால் இரண்டு நாளில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். காய்ந்த எரு மறுபடி நனையவும் மறுக்கும், தண்ணீர் மேலேயே ஓடிவிடும். நமக்கு எருவுக்கு மேல் ஒரு போர்வை கண்டிப்பாக வேண்டும். ஜப்பானில் ஷிகோகு தீவில் மசனோபு புகுவோகா என்ற இயற்கை விவசாயி உழாமல் நெல் விளைவித்தபோது அறுத்த வைக்கோலையெல்லாம் அதே வயலில் திரும்பப் பரப்பினார். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கு மூடாக்கு என்று சொன்னதும் நம் வெயிலை அறிந்துதான்.

செங்கல்பட்டில் நெல் அறுவடை உண்டு, வைக்கோல் கிடைக்கும். 3 அங்குலம் உதிரியாகப் பரப்புங்கள். அதில் தங்கியிருக்கும் நெல் முளைக்கும், இளசாக இருக்கும்போதே இழுத்துப் போட்டுவிடலாம். கரும்புச் சோகை, கடலைத்தோல், வேப்பிலை, புங்கந்தழை, முருங்கைக் கொம்புகள், வாழை மட்டை எல்லாம் ஆகும். வாழைத் தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி செடி வரிசைகளுக்கு நடுவில் படுக்கவைத்தால் கோடையில் அதன் அடியில் எப்போதும் ஈரம் நிற்கும். கரும்புச்சாறு கடைச் சக்கையை நாலு நாள் காயவைத்துப் போடுங்கள், ஈரமாகப் போட்டால் எறும்பு மொய்க்கும். வைக்கோல் போன்ற காய்ந்த பொருளை எருவோடு கலந்துவிடக் கூடாது. கலந்தால் அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். மேலேயே கிடந்தால் அந்தத் தொந்தரவு இல்லை.

இப்படிப் போட்டு மூடிவிட்டு, ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டு, ஆறு வாரம் விட்டுவிடுங்கள். எங்கள் கொல்லையில் மூன்றாவது வருடம் போட்ட ஒரு பாத்தியை ஆறாவது வாரம் ஓரத்தில் தூக்கிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அட்டை ஊறிய துணி மாதிரி விரலோடு கிழிந்து வந்தது. அதன் அடியில் அறுத்துப் போட்ட புல் கறுத்துப் படிந்திருந்தது. வெளிச்சம் கிடைக்காத கோரைத் தண்டுகள் வெந்த சேமியா மாதிரி வெள்ளையாக நெளிந்து கிடந்தன. மண்ணின் மேல் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டை உருண்டையாகப் புழு எச்சம். சித்திரையில் கடப்பாரை தெறித்த அதே தரையில் ஆட்காட்டி விரல் இரண்டாவது ரேகை வரை தானாக இறங்கியது. யாரும் கொத்தவில்லை, அந்த எச்சத்தைப் போட்டவர்கள் கொத்தியிருந்தார்கள்.

இதற்காகக் காசு கொடுத்துப் புழு வாங்கிவிட வேண்டாம். மண்புழு உரத்துக்காக விற்கும் ஆப்பிரிக்கப் புழுவும் ஐசீனியாவும் குப்பைக்குள் வாழ்கிறவை, இறுகிய மண்ணைத் துளைத்து ஆழம் போகாதவை. மண்ணுக்குள் வழி போடுவது லாம்பிட்டோ மௌரிட்டி போன்ற நம் ஊர்ப் புழுக்கள். ஈரமும் நிழலும் தீனியும் இருந்தால் அவை அழைக்காமலே வரும்.

கரையான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரும், மறைப்பதற்கில்லை. அட்டையும் வைக்கோலும் அதற்குத் தீனிதானே. ஆனால் கரையான் தேடுவது செத்த, காய்ந்த பொருளை. பாத்தி ஈரமாக இருக்கும்வரை அதன் வேலை குறைவாகவே இருக்கும், வந்தாலும் அட்டையை மக்கச்செய்கிற கூலி இல்லாத ஆளாகத்தான் இருக்கும். காய்ந்துபோன பாத்தியில் தீனி தீர்ந்தால் மிளகாய்ச் செடியின் தண்டைக் கடிக்க ஆரம்பிக்கும். அதனால் தண்ணீரும் மூடாக்கும் தொடர்ந்து இருப்பதே மருந்து. எரு போடும்போது ஒரு பாத்திக்கு 2 கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூவிவிடுங்கள். சுவரிலிருந்து 3 அடி தள்ளச் சொன்னது இதற்குத்தான். வீட்டு நிலைப்படிக்கும் ஈர அட்டைக்கும் நடுவில் வெறும் தரை இருக்க வேண்டும், அங்கே வைக்கோல் சிந்தவிடாதீர்கள்.

கரையானைவிடக் கோரைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அருகம்புல்லை அட்டை அடக்கிவிடும், ஓரத்தில் நுழையும் கொடிகளை மட்டும் மாதம் ஒரு தடவை அறுத்தால் போதும். கோரை அப்படி இல்லை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்து வைத்திருக்கும், அதன் முளை ஊசி மாதிரி அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும். பிளாஸ்டிக் விரிப்பையே குத்தி வரும் செடி அது. ஒரே பருவத்தில் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டையை இரண்டு அடுக்காகப் போடுங்கள். மேலே வருகிற முளையை வாரம் ஒரு முறை மண் மட்டத்தில் கத்தரித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது, இலை விரிய விடாவிட்டால் வரவு இல்லை. கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் முதல் பருவத்தில் தரையை மூடுகிற பயிராகப் போடுங்கள். பரங்கி, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி இவை நல்ல கூட்டாளிகள். எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று, இப்போது பாத்திக்கு நாலைந்து முளைதான் தலைகாட்டுகிறது. கொத்தியிருந்தால் கிழங்குக் கோவை துண்டு துண்டாகி, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைத்திருக்கும்.

நடுகை எளிது. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளுக்கு வைக்கோலை ஒரு கை அகலம் விலக்கி, எருவில் குழி பறித்து, தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு மூடுங்கள். தண்டோடு ஒட்டி வைக்கோல் இருந்தால் மழைக்காலத்தில் அழுகும். வெண்டை, கொத்தவரை, அவரை விதைகளை நேரடியாக ஊன்றலாம். அட்டை இன்னும் கெட்டியாக இருந்தால் அந்த இடத்தில் கம்பியால் ஒரு துளை போட்டுவிடுங்கள், ஆணிவேர் இறங்கட்டும். முள்ளங்கியை முதல் பருவத்தில் போடாதீர்கள். எருவுக்குள் நன்றாக இறங்கிவிட்டு இறுகிய தரையைத் தொட்டதும் இரண்டாகப் பிளந்துகொள்ளும். அடுத்த வருடம் போடலாம்.

கீரைக்கு மட்டும் முறை வேறு. அதன் விதை தூள் மாதிரி, வைக்கோலுக்கு அடியில் போட்டால் வெளியே வர முடியாது. கீரைக்கென்று பாத்தியில் 3 அடிக்கு 3 அடி ஒதுக்கி, மூடாக்கை முழுதாக வாரி எடுத்துவிட்டு, விதையோடு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக எருத்தூள் சலித்துப் போடுங்கள். எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஓரத்தில் ஒரு கைப்பிடி ரவை தூவிவிட்டால் அது ரவையைச் சுமக்கப் போய்விடும், அதற்குள் விதை முளைத்துவிடும். எங்கள் அத்தை சொல்லிக்கொடுத்தது இது, ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. கீரை நாலு விரல் வளர்ந்ததும் வரிசைகளுக்கு நடுவில் காய்ந்த இலையை நொறுக்கிப் போடுங்கள்.

காய்த்து முடிந்த செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை உள்ளேயே விட வேண்டும். அந்த வேர் மக்கி அடுத்த பயிருக்கு வழியாகும். ஒரு விதிவிலக்கு உண்டு. தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் மணி கோத்த மாதிரி முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. அந்த வேரை மண்ணோடு பெயர்த்து வெளியேற்றி எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாகப் போட்டால் நூற்புழு குறையும். அவரை, தட்டைப்பயறு வேர்களிலும் முடிச்சு இருக்கும், அது வேறு, பயப்பட வேண்டாம். விரலால் தள்ளினால் உதிர்ந்து விழுவது தழைச்சத்து சேர்க்கிற நல்ல முடிச்சு. வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் நூற்புழு.

ஐப்பசி கார்த்திகை மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் நிற்கும். எரு உயரம் 4 அங்குலம் இருப்பதால் பாத்தி கொஞ்சம் மேடாகவே இருக்கும், நடைபாதையின் ஒரு முனையைத் தாழ்வான பக்கம் சரிவாக விட்டால் வடிந்துவிடும். நடைபாதையில் தேங்காய் உரிமட்டை பரப்பினால் சேறு மிதிக்க வேண்டியதில்லை, நாளாக நாளாக அதுவும் மக்கிப் பாத்திக்கு ஆகிவிடும். அந்த மாதங்களில் மூடாக்கைப் பாதியாகக் குறையுங்கள், வெயிலில் காத்த அதே போர்வை மழையில் அழுகலைக் கொண்டுவரும். ஆப்பிரிக்கப் பெருநத்தை உங்கள் பகுதியில் இருந்தால் இரவு டார்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டும், கையுறையோடு. பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ ஈரச் சாக்குக்கு அடியில் வைத்தால் விடிவதற்குள் அங்கே கூடிவிடும், பொறுக்குவது சுலபம்.

பக்கத்தில் தென்னை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் எரு வாங்கும்போதே கவனியுங்கள். கட்டை விரல் பருமனில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு எருக்குழியில் இருந்தால் அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. கத்தரியை ஒன்றும் செய்யாது, வண்டாக மாறிப் பறந்துபோய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். கோழியைப் பாத்திக்குள் மட்டும் விடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் மூடாக்கு முழுவதையும் கிளறிவிடும்.

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். 3 அங்குல இலை மூடாக்கு மழைக்காலத்தில் ஒன்றரை மாதத்தில் ஓர் அங்குலமாக இறங்கிவிடும். மறுபடி போட வேண்டும். எருவும் வருடத்துக்கு இரண்டு முறை, ஆனி கடைசியிலும் தை மாதத்திலும், ஓர் அங்குலம் மேலாகப் போட வேண்டும். ஒரு பாத்திக்கு அது 70 லிட்டர், ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. குளிர் நாட்டில் வருடத்துக்கு ஒரு தடவை போட்டால் நிற்கிறது, நம் வெயிலில் நிற்காது. இரண்டு பேர் வீட்டுக்கு இரண்டு பாத்தி ஒழுங்காக ஊட்டினால் கீரையும் வெண்டையும் கத்தரியும் வாங்காமல் ஓட்டலாம். அதனால் இந்த வருடம் ஒன்றே ஒன்று போடுங்கள், அதை ஊட்ட முடிகிறதா என்று பார்த்து அடுத்த வருடம் இரண்டாவது.

மீதி இருக்கிற 500 சதுர அடிக்கும் மேலான இடத்தை என்ன செய்வது? அங்கே பாத்திக்கான தீனியை விளைவியுங்கள். நம் இயற்கை விவசாயிகள் பலதானிய விதைப்பு என்று செய்வார்கள். சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கையில் கிடைப்பதைக் கலந்து தூவி, 45, 50 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுவார்கள். நீங்கள் உழ வேண்டாம், அறுத்துப் பாத்திக்குக் கொண்டுவாருங்கள். முதல் மழைக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ விதையைத் தூவினால் போதும். வேலி ஓரமாகக் கிளிரிசிடியா என்ற தழை மரத்தின் போத்துகளை நட்டுவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் தழை வெட்டலாம், அதன் இலை சீக்கிரம் மக்கும், தழைச்சத்தும் அதிகம். மாசி பங்குனியில் தெருவெல்லாம் வேப்பிலை உதிர்ந்து கிடக்கும், கூட்டிக் கொளுத்துவார்கள். பார்க்கவே மனசு கேட்காது. நாலு சாக்கைக் கொடுத்து, கொளுத்த வேண்டாம், இதில் கட்டி வையுங்கள் என்று சொல்லுங்கள். எங்கள் தெருவில் இப்போது அவர்களே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது சித்திரை கடைசி. அட்டை சேர்க்கவும் எருவைச் சிரட்டையில் சோதிக்கவும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி நடுவில் பாத்தியைப் போட்டு மூடிவிட்டால் ஆடி பிறப்பதற்குள் ஆறு வாரத்துக்குக் குறையாமல் கிடைத்துவிடும். கத்தரி, மிளகாய் விதையை ஆனி முதல் வாரமே நாற்றுத் தட்டில் போட்டு வையுங்கள். அந்தக் குழியில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிந்தது, எருவில் தட்டைப்பயறு எப்படி முளைத்தது என்று எழுதுங்கள், முடிந்தால் சிரட்டை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள். எந்தப் பயிரை முதலில் வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.